திருப்பிக் கொடுப்பதற்காக வளர்ப்பது

வளர்ப்புப் பெற்றோர் ஆகலாமே என்று யாரிடமாவது பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “பாசம் வைத்த பிறகு பிரியச் சொன்னால் என்னால் தாங்க முடியாது.” சொல்பவர் தனக்கு இந்த வேலைக்கான தகுதி இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் சொல்கிறார். ஆனால் பிரிவை நினைத்து இப்படிப் பயப்படுகிறவரைத்தான் இந்தத் துறை தேடிக்கொண்டிருக்கிறது. கவலைப்பட வேண்டியது இன்னொரு வகை ஆளைப் பற்றி: “அந்தப் பெற்றோரிடமிருந்து குழந்தையைக் காப்பாற்ற வேண்டும்” என்ற வேகத்தோடு வருகிறவரைப் பற்றி. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, ஃபாஸ்டர் கேர் எனப்படும் வளர்ப்புப் பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு குழந்தை இப்போதைக்குத் தன் வீட்டில் பத்திரமாக இருக்க முடியாது என்று நீதிமன்றமோ குழந்தைகள் நல அமைப்போ முடிவு செய்கிறது. தாய் நெடுநாள் மருத்துவமனையில் இருக்கலாம். தந்தை சிறையில் இருக்கலாம். வீட்டில் போதைப்பழக்கம் இருக்கலாம், அடி உதை இருக்கலாம். அந்த நிலைமை சீராகும்வரை இன்னொரு குடும்பம் அந்தக் குழந்தையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறது. அது ஓர் இரவாகவும் இருக்கலாம், பதினெட்டு வயது வரையிலும் நீளலாம். பலர் இதைத் தத்தெடுப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். தத்து கொடுக்கப்பட்ட குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை. வாரிசுரிமை உட்பட எல்லாம் மாறிவிடும். இங்கே அப்படி எதுவும் மாறாது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிப்பது, வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது, சில இடங்களில் குழந்தையின் நீண்ட முடியைக் கத்தரிப்பதுகூட நீங்கள் தனியாக எடுக்கும் முடிவு இல்லை. இரவில் விழித்திருப்பதிலிருந்து பள்ளிக்கு அனுப்புவதுவரை வேலை முழுவதும் உங்களுக்கு. உரிமை இன்னோர் இடத்தில்.

குழந்தைகளை வீட்டிலிருந்து பிரிப்பதற்கே ஒரு வரம்பு உண்டு. மாற்றுப் பராமரிப்பு குறித்து ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டுதல்கள், வறுமை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. ஏழ்மைதான் பிரச்சினை என்றால் அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை, வேறு குடும்பம் தேவையில்லை. இந்த வரம்பு எல்லா இடத்திலும் மதிக்கப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது.

குழந்தைகள் இல்லங்கள் இருக்கும்போது எதற்காக ஒரு குடும்பத்தைத் தேட வேண்டும்? சோறு, உடை, படிப்பு எல்லாம் அங்கேயும் கிடைக்கும்தானே? இதற்கு மிக அழுத்தமான பதில் ருமேனியாவிலிருந்து வந்தது. 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது அந்நாட்டின் இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து, சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகள். ஆறு மாதக் கைக்குழந்தைகள் முதல் இரண்டரை வயதுவரை. குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மீதிப் பாதி வழக்கம்போல் இல்லங்களில் தொடர்ந்தார்கள். குழந்தைகளின் வாழ்க்கையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யலாமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் உறுத்துகிறது. அப்போது அந்த நகரத்தில் வளர்ப்புக் குடும்பங்களே அநேகமாக இல்லை, அவற்றை உருவாக்கியதே இந்த ஆய்வுதான், இல்லத்தில் இருக்கும் குழந்தைக்கு வேறு வழி பிறந்தால் தடுக்க மாட்டோம் என்பது ஆய்வாளர்களின் பதில்.

நான்கரை வயதில் அளந்து பார்த்தார்கள். இல்லப் பிரிவில் வைக்கப்பட்ட குழந்தைகளின் அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) சராசரியாக 73. குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. பெற்றோரிடமே வளர்ந்த அதே நகரத்துக் குழந்தைகளுக்கு 109. எட்டுப் புள்ளி முன்னேற்றம் என்பது சின்ன விஷயம் இல்லை. இழந்தது முழுவதும் திரும்பவில்லை என்பதும் அதே அளவு உண்மை. சீக்கிரம் போனவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன் போனவர்கள், பராமரிப்பவரிடம் ஒட்டிக்கொள்வதில் தெளிவாக மேலே இருந்தார்கள். 2004இல் நிறைவேறிய ருமேனியச் சட்டம், கடும் உடற்குறை உள்ளவர்களைத் தவிர, இரண்டு வயதுக்குட்பட்டவர்களை இல்லங்களில் சேர்ப்பதைத் தடை செய்தது.

இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குடும்பங்கள் எப்படி நடத்தப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஊதியம் இருந்தது. சமூகப் பணியாளர்கள் அடிக்கடி பேசினார்கள், வீட்டுக்கு வந்தார்கள், சந்தேகங்களுக்கு உடனே பதில் சொன்னார்கள். “இது யாரோ ஒருவர் குழந்தை, எட்ட நின்று பார்த்துக்கொள்” என்று சொல்லவில்லை. மனதார உங்கள் குழந்தையாகவே நினைத்துப் பழகுங்கள் என்று ஊக்கப்படுத்தினார்கள். குடும்பம் என்ற அமைப்புக்கு மந்திர சக்தி ஏதும் இல்லை. இந்த ஏற்பாடு முழுவதும் சேர்ந்துதான் அந்த எட்டுப் புள்ளி.

ஏற்பாடு இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1945 ஜனவரியில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் டென்னிஸ் ஓநீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் இறந்துபோனான். அவனையும் அவன் தம்பியையும் உள்ளாட்சி நிர்வாகம்தான் வளர்ப்புக்காக அங்கே வைத்திருந்தது. பட்டினி போட்டும் அடித்தும் கொன்றவர் வளர்ப்புத் தந்தை. விசாரணையில் தெரிந்தது என்ன? அனுப்பிய நிர்வாகத்துக்கும் அந்தப் பண்ணை இருந்த பகுதியின் நிர்வாகத்துக்கும் இடையே, யார் போய்ப் பார்ப்பது என்பதிலேயே தெளிவில்லை. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1948இல் குழந்தைகள் சட்டம் வந்தது. பிரிட்டனில் வளர்ப்பு வீடுகளைப் பார்வையிடுவது தனி அலுவலர்களின் பொறுப்பாயிற்று.

இன்று விண்ணப்பிக்கிறவர் எரிச்சலடையும் அளவுக்குக் கேள்விகள் கேட்கப்படுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. காவல்துறைச் சரிபார்ப்பு, மருத்துவச் சான்று, வருமான விவரம், உங்களை அறிந்தவர்களின் பரிந்துரை, வீட்டைப் பார்வையிடுவது. இவை சீக்கிரம் முடிந்துவிடும். சொந்த வீடு வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் கேட்பதில்லை. குழந்தைக்கென்று ஒரு படுக்கையும், உதவித்தொகையை நம்பாமலே ஓடுகிற குடும்பமும் போதும். திருமணமாகியிருக்க வேண்டும் என்ற விதியும் பல நாடுகளில் தளர்ந்துவருகிறது. இந்தியாவில் 2024இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்கள் தனியாக வாழ்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டன.

நீண்டுபோவது நேர்காணல்கள்தான். சிறுவயதில் உங்களை எப்படித் தண்டித்தார்கள்? அதை இப்போது எப்படிப் பார்க்கிறீர்கள்? கடைசியாக நீங்கள் கட்டுப்பாடு இழந்து கத்தியது எப்போது? குழந்தை பிறக்கவில்லை என்ற வருத்தம் இருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது? உங்கள் மகனுக்கோ மகளுக்கோ தன் அறையைப் பங்கிடச் சம்மதமா, அவர்களையே தனியாகக் கேட்கலாமா? ‘நல்லது செய்ய வந்தவனை இப்படிக் குடைகிறார்களே’ என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. தப்பான பதில் சொன்னால் தோற்றுவிடுவோம் என்று அழகாகப் பதில் தயாரித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கேட்பவர் தேடுவது களங்கமில்லாத கடந்தகாலத்தை இல்லை. அடி வாங்கி வளர்ந்த ஒருவர், ‘அது எனக்கு வலித்தது, அதனால் நான் இப்படி மாறினேன்’ என்று சொல்ல முடிந்தால் அது பலம். ‘அடித்து வளர்த்ததால்தான் உருப்பட்டேன்’ என்று சிரித்தால் அங்கே பேனா நிற்கும். ஏனென்றால் அடிப்பதற்கு இங்கே இடமே இல்லை. அடி வாங்கியே வந்த குழந்தை உங்களையும் அடிக்கவைக்க என்னவெல்லாம் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

குழந்தை வரும்போது தன் உடைமைகளைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டி எடுத்துவருவது பணக்கார நாடுகளில்கூட இன்னும் ஓயாத அவலம். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஒரு நல்ல பையை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். பையிலிருந்து வரும் அழுக்குச் சட்டையை உடனே துவைத்துவிட வேண்டாம் என்றும் சொல்வார்கள். அதில் வீட்டு வாசனை இருக்கிறது.

முதல் சில வாரங்கள் பல குழந்தைகள் ஆச்சரியமான அளவுக்கு அடக்கமாக இருக்கும். தேனிலவுக் காலம் என்று கிண்டலாகச் சொல்வார்கள். அந்த அடக்கம் ஒரு விருந்தாளியின் அடக்கம். கொஞ்சம் பத்திரமாக உணர்ந்த பிறகுதான் பொய், திருட்டு, படுக்கையை நனைத்தல், பொருளை உடைத்தல் எல்லாம் வெளியே வரும். வளர்ப்பவர்களோ, ‘இவ்வளவு செய்தும் மோசமாகிறானே’ என்று மனம் விட்டுப்போவது சரியாக அந்தக் கட்டத்தில்.

உதாரணத்துக்குச் சாப்பாட்டை ஒளித்துவைப்பது. தலையணைக்கு அடியில் பிஸ்கட், அலமாரியில் காய்ந்துபோன ரொட்டி. கேட்டால் எடுக்கவே இல்லை என்று சாதிக்கும். திருட்டு என்று பார்த்தால் தண்டிக்கத் தோன்றும், பூட்டி வைக்கத் தோன்றும். பூட்டினால் அடுத்த வேளை நிச்சயமில்லை என்ற பழைய பாடம் உறுதியாகிவிடும். பலன் தரும் வழி கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்: குழந்தையின் அறையிலேயே அதன் பெயரெழுதிய ஒரு டப்பாவில் கெட்டுப்போகாத தின்பண்டம் போட்டு வைத்து, காலியானால் ஒரு வார்த்தை கேட்காமல் நிரப்பிவிடுவது. முதலில் டப்பா அன்றைக்கே காலியாகும். பல வாரம் கழித்து ஒருநாள் அது தொடப்படாமலே கிடக்கும்.

இதைவிடக் கடினமானது, ஆறுதல் கேட்கத் தெரியாத குழந்தை. கீழே விழுந்து முட்டி தேய்ந்தாலும் அழாது. தூக்கப் போனால் உதறிவிடும். அமெரிக்க உளவியலாளர் மேரி டோசியர் வளர்ப்புத் தாய்களையும் கைக்குழந்தைகளையும் உற்றுக் கவனித்தார். குழந்தை முகம் திருப்பினால் தாயும் கொஞ்சம் விலகிக்கொள்கிறாள். ‘இவனுக்கு நான் தேவையில்லை’ என்று அவளுக்குத் தோன்றுவது இயல்புதான். விலகல் இருபக்கமும் உறைந்துவிடுகிறது. அவர் உருவாக்கிய பயிற்சியின் சாரம், குழந்தை கேட்காதபோதும் ஆறுதல் கொடுத்துக்கொண்டே இருப்பது. உதறினாலும் பக்கத்தில் உட்கார்ந்து “வலிக்குதா, நான் இங்கதான் இருக்கேன்” என்பது. மனம் ஒப்பாவிட்டாலும் பழகிக்கொள்ள வேண்டிய ஒரு திறமை இது. தாய்ப்பாசம் பொங்கினால் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்குத்தான் அதிக ஏமாற்றம்.

சகிப்புக்கு ஓர் எல்லை இருப்பதையும் அளந்திருக்கிறார்கள். பட்ரீஷியா சேம்பர்லெயினும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின் நடத்தையில் ஒரு நாளைக்கு ஆறு பிரச்சினைகள் வரை வளர்ப்பவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொன்றுக்கும், குழந்தை அந்த வீட்டை விட்டு மாற்றப்படும் அபாயம் 17 சதவீதம் ஏறியது. எனக்கு இந்த எண் பிடித்திருக்கிறது. பொறுமை என்பது குணநலன் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, சுமையையும் பொறுத்தது என்று அது சொல்கிறது. ஒரு நாளைக்கு எட்டை ஆறாக்க யார் உதவுவார்கள் என்பதுதான் விண்ணப்பிக்கும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. வீடு மாறுவதே ஒரு காயம். ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்துக்குக் காரணமாகும், நான்காவது வீட்டுக்குப் போகும் குழந்தை யாரையும் நம்புவதில்லை.

இனி, பெற்ற குடும்பம். இதைப் பேசாமல் வளர்ப்புப் பராமரிப்பைப் பேசுவதில் அர்த்தமில்லை.

1960களின் பிற்பகுதியில் லண்டனில் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதி, இரண்டாவது பிரசவத்துக்காகத் தாய் மருத்துவமனைக்குப் போன சில சின்னஞ்சிறு குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, நடப்பதைப் படமும் பிடித்தார்கள். குழந்தை வருவதற்கு முன்பே அதனோடு பழகினார்கள், அதன் சாப்பாட்டு, தூக்கப் பழக்கங்களைத் தாயிடம் கேட்டுக்கொண்டார்கள். வீட்டிலிருந்து பொருட்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். தந்தை வந்து பார்த்தார். முக்கியமாக, அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குழந்தைகளும் வருந்தின, ஆனால் உடையவில்லை. அதே வயதுள்ள இன்னொரு சிறுவன் பகல்இரவு ஆட்கள் மாறும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒன்பது நாள் இருந்தான். தாய் திரும்பி வந்தபோது அவளையே உதறித் தள்ளினான்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் நம் உள்ளுணர்வுக்கு எதிரானது. அம்மாவின் பேச்சை எடுத்தால் குழந்தை அழும், அதனால் எடுக்காமல் இருப்பதே இரக்கம் என்று நினைக்கிறோம். அழுகை நிற்கும், உண்மைதான். மனதுக்குள் அம்மா செத்துப்போவாள். அடிபட்டு வந்த குழந்தைக்குக்கூட இது பொருந்தும். அதற்குத் தேவை அடியில்லாத அம்மா. அம்மாவே இல்லாமல் போவது இல்லை.

வாராவாரமோ மாதாமாதமோ பெற்றோரைச் சந்திக்கும் ஏற்பாடு நடக்கும். திரும்பி வந்த இரவு குழந்தை கத்தும், படுக்கையை நனைக்கும், மறுநாள் பள்ளியில் யாரையாவது கடிக்கும். வளர்ப்பவர் உடனே எடுக்கும் முடிவு, ‘இந்தச் சந்திப்பே வேண்டாம்’. சில நேரம் அந்த முடிவு சரியாகவும் இருக்கும். பயம் தரும் சந்திப்புகள் உண்டு, அதைக் கவனித்துத் தேதியோடு எழுதி அலுவலரிடம் கொடுக்க வேண்டியது வளர்ப்பவர் கடமை. ஆனால் பெரும்பாலும் அந்தக் கத்தலும் கடித்தலும் பிரிவின் வலி மறுபடி திறந்துகொள்வதுதான்.

“நான் எப்ப வீட்டுக்குப் போவேன்?” என்ற கேள்வி பல் தேய்க்கும்போதோ விளக்கணைத்த பிறகோ வரும். ‘சீக்கிரம்’ என்பது பொய்யாகலாம். ‘இதுதான்டா உன் வீடு’ என்பது குழந்தையை இரண்டு வீட்டுக்கு நடுவே நிறுத்தும். சொல்லக்கூடிய பதில் இதுபோல இருக்கும்: “எனக்குத் தெரியாதுப்பா. அதை முடிவு பண்றது நீதிபதி. அம்மாவுக்கு ஒரு சிக்கல், அது சரியாகப் பெரியவங்க உதவி பண்றாங்க. அது உன்னால வந்தது இல்ல. முடிவு தெரிஞ்ச அன்னைக்கே உன்கிட்ட சொல்லுவேன்.” கடைசிக்கு முந்தைய வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அத்தையோ மாமாவோ பெயரோ, எதுவானாலும் சரி. ‘அம்மா’ என்று கூப்பிடச் சொல்லிக் கேட்பது கொடுமை; தானாகக் கூப்பிட்டால் தடுப்பதும் கொடுமை.

காப்பாற்ற வந்தவருக்கு இந்த இடத்தில்தான் கால் இடறுகிறது. அவருக்கு அந்தப் பெற்றோர் எதிரிகள். குழந்தை முன் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ‘என் அம்மா மோசமானவள் என்றால் அவள் வயிற்றில் பிறந்த நானும் மோசம்’ என்று குழந்தை கணக்குப் போடும். இந்த மனப்பான்மைக்கு ஒரு நீண்ட வரலாறே உண்டு. 1854 முதல் 1929 வரை நியூயார்க் தெருக்களிலிருந்து குழந்தைகளை ரயிலேற்றித் தொலைதூரப் பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். சார்லஸ் லோரிங் பிரேஸ் தொடங்கிய ‘அநாதை ரயில்கள்’. ஏறியவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வெள்ளையர் வீடுகளிலும் இல்லங்களிலும் சேர்த்தவர்களும் தாங்கள் நல்லது செய்வதாகத்தான் நம்பினார்கள். 2008 பிப்ரவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார்.

அமெரிக்காவில் பராமரிப்பை விட்டுப் போகும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெற்றவர்களிடமோ முன்பிருந்த பராமரிப்பாளர்களிடமோ திரும்புகிறார்கள். காலவரையின்றிக் காத்திருப்பதும் சரியில்லை என்பதால், அங்கே 1997இல் வந்த சட்டம், கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை வெளியே இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை நீக்க அரசு மனுச் செய்ய வேண்டும் என்கிறது. போதையிலிருந்து மீள ஒருவருக்கு 15 மாதம் போதுமா? இரண்டு வயதுக் குழந்தைக்கு 15 மாதம் என்பது எவ்வளவு? இரண்டு கேள்விக்கும் ஒரே சட்டத்தில் நியாயமான பதில் எழுத முடியாது.

முதலில் சொன்ன பயத்துக்கு வருவோம். அதே டோசியர் வளர்ப்புத் தாய்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, இந்தக் குழந்தை போய்விட்டால் நீங்கள் எவ்வளவு ஏங்குவீர்கள் என்பது. ரொம்ப ஏங்குவேன் என்று சொன்னவர்களிடம் குழந்தைகள் நிலைத்திருந்தன. பலரை வளர்த்துப் பழகியவர்களிடம் இந்த ஒட்டுதல் சராசரியாகக் குறைவாக இருந்தது. மனதுக்குத் தோல் தடித்துப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘அனுபவசாலி, எத்தனை குழந்தையானாலும் அனுப்பலாம்’ என்று நினைக்கும் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு குழந்தை போன மறுநாளே தொலைபேசியில் அழைத்து அடுத்த குழந்தையைப் பற்றிப் பேசுவது பல இடங்களில் நடக்கிறது. அந்தத் துக்கத்துக்குச் சடங்கு கிடையாது, விடுப்பு கிடையாது, வந்து விசாரிப்பவர்களும் கிடையாது. ‘தெரிந்துதானே எடுத்தீர்கள்’ என்பார்கள்.

நல்ல பிரிவுக்குச் செய்ய வேண்டிய வேலைகள் தெளிவானவை. முதலில் பகல் நேரம், பிறகு ஓர் இரவு, பிறகு வாரக் கடைசி என்று படிப்படியாக அனுப்புவது. இந்த வீட்டில் எடுத்த படங்கள், முதல் பல் விழுந்த தேதி, பள்ளித் தோழர்களின் பெயர்கள் எல்லாம் சேர்ந்த ஒரு நினைவு நோட்டைக் கையில் கொடுப்பது. அதன் வாழ்க்கையில் இந்த இரண்டு வருடம் காணாமல் போய்விடக் கூடாது. குழந்தை முன் அழலாம், ஆனால் ‘நீ போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்’ என்று அழக் கூடாது. பெற்ற தாயோடு முன்பே பேச்சுவார்த்தை இருந்திருந்தால், போன பிறகும் ஒரு பிறந்தநாளுக்கோ தாய்க்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரத்துக்கோ அவளே உங்களைக் கூப்பிடுவாள். எதிரியாக நடத்தப்பட்டவள் கூப்பிட மாட்டாள்.

திரும்ப வழியில்லாத குழந்தைகளுக்கு நீண்டகால வளர்ப்போ தத்தோ நடக்கும். அங்கே வரும் தனிச் சிக்கல் பதினெட்டு வயது. சட்டம் கைவிடும் அந்த நாளில் போக இடமில்லாதவர்கள் பலர். இங்கிலாந்தில் 2014இல், இருவருக்கும் சம்மதமானால் 21 வயதுவரை அதே வீட்டில் தொடர வழிசெய்தார்கள். உடன்பிறந்தவர்களைச் சேர்த்து ஏற்கிறவர்களும் பதின்வயதினரை ஏற்கிறவர்களும் எங்கும் பற்றாக்குறை. கைக்குழந்தைக்கு மட்டும் விண்ணப்பிக்கிறவர் தத்தெடுக்கத்தான் ஆசைப்படுகிறாரா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் படித்துவிட்டு முழுப் பொறுப்புக்குத் தயங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன வாசல் இருக்கிறது. ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு மாதத்தில் ஒரு வாரக் கடைசி ஓய்வு கொடுத்து, அதே குழந்தையைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் இடைக்காலப் பராமரிப்பு. சரிபார்ப்பும் பயிற்சியும் இதற்கும் உண்டு. யார் வீட்டிலோ ஒரு நாளைக்கு எட்டாக இருப்பதை ஆறாக்குகிற வேலை இதுதான்.